பின்னால் நின்றவள் பெயர்

மே 4, ஞாயிறு
தண்ணீர்: எட்டு தம்ளர். வெயில்: இல்லை.

மருத்துவ முகாம்காரப் பெண் இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி அச்சடித்து, கீழே இரண்டு கட்டம் போட்டிருக்கிறது. எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தேன், எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தேன் என்று தினமும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்வாளாம். கட்டத்துக்குக் கீழே முழுப் பக்கமும் சும்மா கிடக்கிறது. வழவழவென்று நல்ல தாள். சும்மா விட மனம் வரவில்லை.

என் பெயர் சந்தனமாரி. வயது எழுபத்தொன்று. நாலாம் வகுப்போடு நின்றவள். தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பத்தாறு வருஷம் உப்பு வாரினேன். என் ஞாபகத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் விடைக்கோழியைக் கல்லால் எறிந்து காலை ஒடித்தவன் யார், அன்றைக்கு அவன் என்ன நிறத்தில் கைலி கட்டியிருந்தான் என்பது வரை சொல்வேன். அது நடந்து நாற்பது வருஷம் ஆகிறது. அவனோடு இன்றும் பேச்சில்லை. நன்றியும் அப்படித்தான். தலைப்பிரசவத்தில் எனக்குச் சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தவளின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் தீபாவளிக்கு முறுக்கு போகிறது.

மே 6, செவ்வாய்
தண்ணீர்: எட்டு. வெயில்: அரை மணி.

என் மகள் வயிற்றுப் பேத்தி இசக்கி சென்னையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதுகிறாள். கணக்குப் படிப்பில் ஏதோ பெரிய படிப்பு. என்ன செய்கிறாய் என்று கேட்டால் கோபப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்வாள். அந்தப் பொறுமை அவள் தாத்தாவுடையது.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்பளத்தில் வேலை பார்த்தால் சிறுநீரகம் கெடுமா என்று நாலு ஊரில் ஐந்து முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். அதில் இரண்டு முகாம் நம் ஊரிலேயே நடந்தது, மூன்று வருஷ இடைவெளியில். ஐந்து டாக்டர்களும் தனித்தனியாக ஒரே பதில்தான் எழுதினார்கள். சந்தேகம் இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இசக்கியின் புரோகிராம் ஐந்தையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்கும். தனித்தனியாக முனகியவர்கள் சேர்ந்து என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கும். நான் அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"எத்தனைக்கு வந்தா செல்லும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லாமலே, சும்மா தற்செயலா இப்படி நம்பர் விழுறதுக்கு ஆயிரத்துல எத்தன வாய்ப்புன்னு அது சொல்லும் ஆச்சி. பத்துக்குக் கீழ வந்தாத்தான் சென்னைக் குழு எடுத்துக்கிடும். மேல போனா குப்பையில போடுவாங்க."

"வந்தா?"

"அளத்துல நிழல் கொட்டகை, குடிதண்ணி, பொம்பளைகளுக்குக் கக்கூஸ். எல்லாம் சட்டமாக்கச் சொல்லி எழுதுவாங்க."

கக்கூஸ் இல்லாததால்தான் நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். குடித்தால் எங்கே போவது? நாற்பத்தாறு வருஷம் அப்படியே பழகிவிட்டது.

எனக்கு இன்னொன்றும் வேண்டும். அதை இசக்கியிடம் சொல்லவில்லை. அவள் தாத்தா செல்லப்பெருமாள் சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் குடியால் வந்தது என்று எழுதினார்கள். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன்.

மே 9, வெள்ளி
தண்ணீர்: எட்டு. வெயில்: இல்லை.

இட்லிக்கு மாவு ஆட்டினேன். கோயிலுக்குப் போகவில்லை. போகிற வழியில் தங்கபுஷ்பம் வீடு.

அவள் யார் என்று எழுதிவிடுகிறேன். அளத்தில் என் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரியவள். என்னைவிடப் பதினேழு வயது சின்னவள். தங்கச்சி மாதிரி இருந்தாள். இரண்டாவது முகாமில் நர்ஸம்மாவிடம் வாய்கூசாமல், செல்லப்பெருமாள் தினமும் குடிப்பார் என்று சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். என் காதால் கேட்டேன். முகாம் போட்ட அதே ஆஸ்பத்திரியில்தான் அவரைப் பிறகு சேர்த்தோம். டாக்டர் பழைய காகிதத்தைப் புரட்டி, "உங்க வீட்லயே சொல்லியிருக்கீங்களே" என்றார். என் புருஷன் செத்த பதினாறாம் நாள் அவள் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன். இந்த வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு சரி.

மே 12, திங்கள்
தண்ணீர்: எட்டு. வெயில்: இல்லை.

இன்று இசக்கி ஒரு கேள்வி கேட்டாள். "ஆச்சி, வெளிய சொல்லக்கூடாது, ஒங்கிட்ட மட்டும் கேக்கேன். ரெண்டு முகாம்லயும் ஒரே பேரு முப்பத்தியொண்ணு வருது. ஆனா வயசு ஒத்துப்போகல, உயரம் ஒத்துப்போகல. நம்ம ஊர்ல ஒரே பேர்ல அத்தன பேரா இருக்காங்க?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிராமல் சொன்னேன். "இருக்காளுவளே. எல்லாருக்கும் ஒரே சாமி பேருதான? கத்திக் கூப்பிட்டா பத்துப் பேரு திரும்புவா."

"அப்பம் வேற வேற ஆளுகதான்?"

"வேற வேற ஆளுகதான்."

சட்டியில் தண்டைப் போட்டுவிட்டு இலையைக் குப்பையில் போட்டிருக்கிறேன். பிறகுதான் பார்த்தேன்.

மே 13, செவ்வாய்
தண்ணீர்: எட்டு. வெயில்: இல்லை.

பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆயிரத்தில் எட்டு.

இசக்கி நாற்காலியிலிருந்து குதித்தாள். போனில் சென்னை மேடம், "வெல் டன், முப்பதாம் தேதி குழு முன்னாடி வைக்கிறோம்" என்று சொன்னது எனக்கே கேட்டது. பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து, "தாத்தாவுக்காகத்தான் ஆச்சி இந்த வேலைய எடுத்தேன்" என்றாள். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் படத்துக்கு விளக்கேற்றினேன். முகத்தைப் பார்க்கவில்லை.

மே 14, புதன்
தண்ணீர்: எட்டு.

சோறு இறங்கவில்லை. புழுக்கம்.

மே 15, வியாழன்

இன்றைக்குக் கட்டத்தை நிரப்பவில்லை. மற்றதை எழுதுகிறேன்.

காலையில் இசக்கி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணிட்டா மொத்தமும் பொய்யாயிரும். அதத்தான் முதல்ல செக் பண்ணினேன். எங்க ஆச்சியே சொல்லிட்டா."

உப்புத்தண்ணி முற்றிவிட்டதா என்று பார்க்க அஞ்சு பாத்தியில் மொண்டு பார்ப்போம். ஒரே பாத்தித் தண்ணியை இரண்டு வாளியில் மொண்டுவந்து, இது வேறு பாத்தி அது வேறு பாத்தி என்று சாதித்தால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான்.

அவள் போனை வைத்ததும் போய் நின்றேன். "ஏட்டி, அது ஒரே ஆளுகதான்."

"எது ஆச்சி?"

"அந்த முப்பத்தியொரு பேரும். ரெண்டு முகாம்லயும் அதே பொம்பளையதான். ரெண்டாவது தடவ பேர மாத்திச் சொன்னோம். மாத்தச் சொன்னது நான்."

முதல் முகாம் முடிந்ததும் யாருக்கு ரத்தம் சரியில்லை என்பது எப்படியோ அளத்து மேஸ்திரிக்குப் போய்விட்டது. நாலு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதனால் இரண்டாவது முகாமுக்கு வரிசையில் நிற்கும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொருத்தியும் தனக்குப் பின்னால் நிற்கிறவள் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் சொல்ல வேண்டும். கடைசியில் நிற்பவள் முதல் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். யாருக்கு நோய் என்று எந்த மேஸ்திரிக்கும் பிடிபடாது. கூடவே ஒன்று சொன்னேன். "பேர மாத்திச் சொல்லுங்க, நோவ மாத்திச் சொல்லாதிய. வயசு, வலி, வீட்டு விசயம் எல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லுங்க. இல்லாட்டி தப்பா மருந்து குடுத்துருவாவ."

இசக்கி கம்ப்யூட்டரை மூடினாள். "திங்கக்கெழம கேட்டேன்ல ஆச்சி" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மே 16, வெள்ளி
தண்ணீர்: நாலு. வெயில்: இல்லை.

இரண்டு முறை வந்தவர்களை ஒரு முறையாகக் குறைத்துப் புரோகிராமைத் திரும்ப ஓட்டினாள். ஆயிரத்தில் முப்பத்தாறு. குப்பை.

சென்னை மேடத்துக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். என் பெயரை இழுக்கவில்லை. "என் தரப்புல தவறு மேடம்" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்னால் இப்படி ஒரு வார்த்தையை யாருக்காகவும் சொல்ல முடிந்திருக்குமா தெரியவில்லை. அந்தப் பிள்ளையை எனக்குக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்ல?

மே 18, ஞாயிறு
தண்ணீர்: நாலு. வெயில்: இல்லை.

காலையில் இசக்கி தானாகவே பேச்சு கொடுத்தாள். "ஆச்சி, ஒரே ஆளோட ரத்தம் மூணு வருசம் தள்ளி ரெண்டு தடவ இருக்குன்னா, அது சும்மா இல்ல. அந்த மூணு வருசத்துல அவங்களுக்கு எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு பாக்கலாம். அது தனித்தனி ஆளப் பாக்குறதவிட உறுதி. ஆனா எது யாருதுன்னு பிரிக்கணும். ஒனக்கு அந்த வரிச ஞாபகம் இருக்கா?"

இருக்காவாம்! பத்து வருஷந்தானே ஆகிறது.

நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். முதலில் உச்சிமாகாளி, அடுத்து ராசகனி, இடது கையில் கட்டுப் போட்டிருந்தவள். அடுத்து பொன்னுத்தாய். நடுவில் மூன்று பேர் தெற்கு அளத்துக்காரிகள். அவர்களுக்கு விஷயம் தெரியாது, சொந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு எண்ணச் சொன்னேன். முகாம் ரிஜிஸ்டரிலும் அதே வரிசையில் நம்பர் போட்டிருக்கிறதாம். இசக்கி அந்தப் பெயர்களை மட்டும் ஒரு வரி கீழே நகர்த்தினாள்.

அவ்வளவுதான். முப்பத்தொரு பேரின் வயதும் முதல் முகாமைவிட மூன்று கூடி, வரிசையாக வந்து நின்றது. உயரமும் ஒத்துப்போனது. பிள்ளை கைதட்டினாள். என் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

சரிபார்க்கப் பழைய ரிஜிஸ்டரை ஒவ்வொன்றாக வாசித்தாள். பதினாறாவது வந்தது. "பேரு சந்தனமாரி. வயசு நாப்பத்தி நாலு. கணவர் செல்லப்பெருமாள். குடிப்பழக்கம், ஆமா, தினமும்." நிறுத்தினாள். "ஆச்சி, அப்பம் ஒனக்கு அறுபத்தொண்ணுல்லா? இது ஒனக்கு முன்னால நின்னவங்க. ஒன் பேரச் சொல்லி, அவங்க வீட்டு விசயத்தச் சொல்லியிருக்காங்க. யாரு அது?"

அடுப்பில் பால் வைத்திருந்தேன். போய் இறக்கினேன். பால் பொங்கவில்லை. இருந்தாலும் இறக்கினேன்.

மே 19, திங்கள்
தண்ணீர்: மூன்று. வெயில்: இல்லை.

தங்கபுஷ்பத்தின் புருஷன் பலவேசம் குடித்துக் குடித்தே செத்தான். ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? அவள் எனக்கு முன்னால் நின்றாள். அவள் சொல்ல வேண்டியது என் பெயரைத்தான். அது என் யோசனை. நோவை மாற்றாதே என்றதும் நான்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய கைலியின் நிறம் ஞாபகம் இருக்கிற எனக்கு, இது மட்டும் எப்படி மனசில் தட்டாமல் போயிற்று என்று இசக்கி கேட்கவில்லை. கேட்காததற்கு அவளுக்கு நன்றி.

மே 20, செவ்வாய்
தண்ணீர்: மூன்று. வெயில்: இல்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறதாம். பெயரைப் பிரித்து எழுத அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு பேர் உயிரோடு இருக்கிறார்கள். செத்தவர்களுக்கு வீட்டார் போட வேண்டும். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் குழுவுக்கு எழுத வேண்டும்.

"அளத்துப் பொம்பளைகள்லாம் இப்பம் யாரு சொன்னாக் கேப்பாங்க ஆச்சி?" என்றாள் இசக்கி.

அவளுக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும்.

மே 21, புதன்

கட்டம் காலி. பிறகு நிரப்புகிறேன்.

தங்கபுஷ்பம் இன்னும் அளத்துக்குப் போகிறாள். விடிவதற்கு முன் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்புவாள். பன்னிரண்டு மணி வெயிலில் நடந்து போனேன். முற்றத்தில் காலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உப்பு தின்ற பாதம். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"மதினி, வெயில்ல நிக்காதிய. உள்ள வாங்க."

நான் வாசலிலேயே நின்றேன்.

"பத்து வருசமாச்சு" என்றாள்.

"ஒம்போது வருசம் மூணு மாசம்."

சிரித்துவிட்டாள். "ஒங்களுக்குக் கணக்குத் தப்புமா?"

"தப்பிட்டுட்டி" என்றேன். அவளே நகர்ந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரிஜிஸ்டர், பதினாறாவது நம்பர், ஒரு வரி கீழே நகர்த்தியது. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"நீங்க மண்ண வாரித் தூத்துன அன்னைக்கே தெரியும். அண்ணாச்சி பேரச் சொல்லி நீங்க ஏசும்போதே புரிஞ்சுட்டு."

"ஏன்ட்டி சொல்லல?"

"சொல்ல வாயத் தொறந்தேன். மண்ணு வாய்க்குள்ள போயிட்டு." மறுபடி சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "நான் ஊரறிய நியாயம் பேசணும்னா பேரு மாத்துன கத வெளிய வரணும்லா மதினி. முப்பது பேரு அளத்துல நின்னுக்கிட்டு இருந்தாளுவ. மேஸ்திரி காதுல விழுந்தா எல்லாரையும் அனுப்பிருவான். அதான் வாயக் கட்டிக்கிட்டேன். அதுவும் போவ, நீங்களும் யாரையாவது ஏசித்தான ஆவணும். அதுக்கு நான் கைக்கெட்டுன ஆளாக் கெடந்தேன்."

"அந்த நர்ஸுகிட்ட, குடிக்க மாட்டாருன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லா?"

"பேர மாத்து, நோவ மாத்தாதன்னு நீங்கதான சொன்னிய? அன்னைக்குவரைக்கும் எம்புருசன் குடியப் பத்தி ஒரு மனுசர்ட்ட நான் வாயத் தொறந்ததில்ல. ஒங்க பேர்ல நின்னதால தைரியமாச் சொன்னேன். சொன்னதும் நெஞ்சு லேசாச்சு. அதுக்கு ஒங்களுக்கு நான் நன்றி சொல்லணும்னு நெனச்சிருந்தேன்."

எனக்கு நன்றி சொல்ல நினைத்தாளாம்.

சம்மதத்தாளை நீட்டினேன். முதல் கையெழுத்து அவளுடையது. "மத்தவளுவள நான் பாத்துக்கிடுதேன். சாயந்தரம் ரேசன் கடைக்கு எல்லாரும் வருவா" என்றாள். எழுந்து உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் செம்பு இருந்தது. எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

கை வலிக்கிறது. இன்றைக்கு இது போதும்.

மே 24, சனி
தண்ணீர்: ஆறு. வெயில்: ஒரு மணி.

இருபத்தாறு கையெழுத்தும் வந்துவிட்டது. செத்த ஐந்து பேரின் வீட்டுக்கும் தங்கபுஷ்பமும் நானும் சேர்ந்தே போனோம். உச்சிமாகாளியின் மருமகள், "நீங்க ரெண்டு பேரும் எப்பம் சேந்திய?" என்று வாயைப் பிளந்தாள். "ஒரு வரி கீழ எறக்குனாவ, சேந்துட்டோம்" என்றாள் தங்கபுஷ்பம். மருமகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மே 27, செவ்வாய்
தண்ணீர்: ஏழு. வெயில்: இல்லை.

புரோகிராமை ஓட்டும்போது இசக்கி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். திரையில் ஏதேதோ ஓடியது. கடைசியில் ஒரு நம்பர் வந்தது. அவள் வாசிப்பதற்கு முன்பே நான் வாசித்துவிட்டேன்.

ஆயிரத்தில் ஒன்பது.

பொய்யில் எட்டு வந்தது, மெய்யில் ஒன்பது வந்திருக்கிறது. ஒரு நூலிழை உறுதி குறைவு. ஆனாலும் பத்துக்குள். இது எங்கள் ஒன்பது. எட்டைவிட எனக்கு இது கனமாகத் தெரிந்தது.

"குழு ஒத்துக்கிடுமா?"

"கேள்வி கேப்பாங்க ஆச்சி. முதல்ல எண்ணினது தப்பு, பிறகு எப்படித் திருத்தினோம்னு எல்லாத்தையும் எழுதிருக்கேன். மறைக்க ஒண்ணுமில்ல."

அவள் தாத்தாவின் பெயருக்கு எதிரே இருந்த குடி என்ற வார்த்தையை எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். இதை எழுதும்போது தாள் நனைகிறது. தேதி அச்சடித்த தாள், இல்லாவிட்டால் வேறு தாளில் மாற்றி எழுதியிருப்பேன்.

மே 30, வெள்ளி
தண்ணீர்: ஏழு.

இசக்கி சென்னையிலிருந்து போன் பண்ணினாள். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். அறிக்கையை எடுத்துக்கொண்டார்கள். கொட்டகை எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. வரட்டும். வராவிட்டால் யாரை ஏச வேண்டும் என்று பெயர்களைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

மே 31, சனி

நோட்டு வாங்க வருகிற பிள்ளைக்கு,

மே 4 முதல் 14 வரை நான் எழுதிய எட்டு எல்லாம் பொய். நீ எட்டு குடிக்கச் சொன்னாய், அதனால் எட்டு என்று எழுதினேன். எனக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே கிடையாது. உன் நோட்டுக் கணக்கும் எங்கேயாவது போய் ஐந்து பேரோடு உட்காரும். அங்கே போய் இது தப்பாகப் பேச வேண்டாம். சரியானது கீழே இருக்கிறது. ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன், நம்பலாம்.

4 மூன்று. 5 மூன்று. 6 இரண்டு. 7 மூன்று. 8 நாலு, அன்றைக்கு விருந்தாள் வந்தார்கள். 9 இரண்டு. 10 மூன்று. 11 மூன்று. 12 ஒன்று. 13 இரண்டு. 14 ஒன்று. 15 ஒன்று. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சரி.

மே 21 காலியாக விட்டிருந்தேன். வெயில்: ஒரு மணி. தண்ணீர்: ஐந்து தம்ளர், ஒரு செம்பு. உன் கட்டத்தில் செம்புக்கு இடமில்லை. செம்பு தங்கபுஷ்பம் வீட்டுத் தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தேன், தொண்டையில் இறங்கியது. மிச்சம் வைக்கவில்லை.